கடலில் சேரும் நீரும் கணக்குக் கேட்கும் உரிமையும்



கேரள, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள ஊர் பனச்சமூடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது நிலம் பிரிந்தது; பேச்சும் கொள்வினை கொடுப்பினையும் பிரியவில்லை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நம்மவர், உலையில் ஏறும் மீன் எந்த மாநிலத்துக் கரையில் இறங்கியது என்று கேட்டு வாங்குவதில்லை. ஆதலின், திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையம் கடலில் விடும் நீரைப் பற்றிய கேள்வி, எல்லைக்கு இப்பால் உள்ளவர்களுக்கும் உரியதே.

அந்நீர் இரு வகைப்படும். முதலாவது, குளிர்விக்கும் கடல்நீர். அங்கே இயங்கும் ஒவ்வோர் அலகும் 1,000 மெகாவாட் மின்சாரம் தருவது. அதற்காக உலையில் ஏறத்தாழ 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. எஞ்சும் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கடலே ஏற்கிறது. இக்கடல்நீர் குழாய்களுக்குள் ஓடி நீராவியைக் குளிர்விக்கிறதேயன்றி, உலைக்குள் சுழலும் நீரைத் தொடுவதில்லை. ஆயினும் அது சூடாகித் திரும்புகிறது. மிகுந்த சூடு மீன்குஞ்சுகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் தீங்கானது. கடற்கரை அனல்மின் நிலையங்கள் விடும் நீரால் கடலின் வெப்பம் இயல்பான அளவுக்குமேல் 7 டிகிரி செல்சியசைத் தாண்டி உயரலாகாது என்று 1998இல் மத்திய அரசு விதி வகுத்தது. கூடங்குளத்தைப் பற்றிய வழக்கிலும் இந்த 7 டிகிரி பேசப்பட்டது.

இரண்டாவது, குறைந்த கதிரியக்கமுள்ள கழிவுநீர். ஆடைகளை வெளுப்பதாலும், கருவிகளைக் கழுவுவதாலும், ஆய்வுக்கூடங்களின் பணியாலும் அது சேர்கிறது. அதனைத் தொட்டிகளில் தேக்கி, மாதிரி எடுத்துச் சோதித்து, வடிகட்டியும் ஆவியாக்கியும் தூய்மை செய்கின்றனர். பிரிந்து நிற்கும் கசடு சிமெண்டோடு கலந்து இறுக்கப்படுகிறது. எஞ்சிய நீரே குளிர்விக்கும் நீரோடு கலந்து கடலுக்குச் செல்கிறது. டிரிடியம் என்னும் பொருள் மட்டும் நீரோடு நீராகவே இருப்பதால், அதனை வடிகட்டிப் பிரிக்க இயலாது.

இங்கே ஒன்றை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு கைப்பிடி உப்பை ஒரு குடத்தில் கரைத்தாலும் ஓர் ஏரியில் கரைத்தாலும் உப்பின் அளவு ஒன்றே, கரிப்புத்தான் வேறுபடும். அதுபோல, நீரைக் கலப்பதால் செறிவு குறையுமேயன்றி மொத்தம் குறையாது. ஆகையால்தான், லிட்டருக்கு இவ்வளவு என்னும் வரம்போடு, நாளொன்றுக்கும் ஆண்டொன்றுக்கும் இவ்வளவு என்னும் வரம்புகளையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதிக்கிறது. 1983இல் நிறுவப்பட்ட அவ்வாரியத்தின் விதிப்படி, நிலையத்தின் இயக்கத்தால் பொதுமக்களில் ஒருவர் பெறும் கதிரியக்கம் ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட்டைத் தாண்டலாகாது.

கன்னியாகுமரிக் கரைக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் இயற்கையாகவே கிடைக்கிறது; அங்கே நிலமே கதிர் வீசுவது. எனவே நிலையத்தால் கூடியது எவ்வளவு என்று அறிய, முன்பிருந்தது எவ்வளவு என்று தெரிந்திருத்தல் வேண்டும். அதன்பொருட்டே அணுமின் நிலையங்கள் இயங்குமுன்பே சுற்றுப்புற ஆய்வகங்கள் அமைக்கப்பட்டு, நீர், மண், மீன், பால் ஆகியவை அளக்கப்படுகின்றன.

2013 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூடங்குளம் நிலையத்தை இயக்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், பாதுகாப்பு என்பது ஒரு நாளில் முடிவதன்று, நிலையம் இயங்கும் காலமெல்லாம் தொடர வேண்டியது என்பதையும் வலியுறுத்தி, விதித்த நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்குமாறும் பணித்தது.

அவ்வாறு நிறைவேறுவதை மக்கள் எங்ஙனம் அறிவது? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்கு வழி கூறுகிறது. அதன்கீழ் அனுமதி பெற்ற திட்டங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் அறிக்கையாக அளித்தல் வேண்டும். அவ்வறிக்கைகள் பொது ஆவணங்கள். விண்ணப்பிக்கும் எவருக்கும் படி தரப்படல் வேண்டும்.

ஆவணங்களை மொழிபெயர்த்துப் பழகிய நாம் ஒன்று கூறுவோம். 'அளவு வரம்புக்குள் உள்ளது' என்னும் தொடரை எம்மொழியிலும் எளிதாகப் பெயர்த்துவிடலாம். ஆனால் எண் இல்லாத அத்தொடரால் வலை வீசுபவருக்குப் பயனில்லை. வரம்பு எவ்வளவு? அதனை விதித்தவர் யார்? அளந்தவர் யார்? அளந்த நாள் எது? இந்நான்குக்கும் தமிழிலும் மலையாளத்திலும் விடை கிடைத்தாலன்றிக் கடற்கரை மக்களின் ஐயம் தீராது. ஜப்பானின் புகுஷிமாவில் 2023 ஆகஸ்ட் 24ஆம் நாள் தூய்மை செய்த நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது, டிரிடியம் லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கும் குறைவாக இருக்கும் என்று எண்ணையே முன்வைத்தனர். சர்வதேச அணுசக்தி முகமை அதனைத் தனியே அளந்து வெளியிட்டது. அப்போதும் மீனவரின் அச்சம் முற்றும் நீங்கவில்லை. எண்ணையே மறைத்திருப்பின் நிலை என்னவாகியிருக்கும்!

தாராப்பூர், கைகா, காக்ராப்பார், ராவத்பாட்டா, நரோரா என அணுமின் நிலையங்கள் உள்ள பிற மாநிலங்களிலும் நம்மவர் வாழ்கின்றனர். அவர்கள் வீணான அச்சமும் கொள்ள வேண்டுவதில்லை. கண்மூடிய நம்பிக்கையும் கொள்ள வேண்டுவதில்லை. அறிக்கையைக் கேட்டுப் பெறுவோம்; எண்ணைப் படிப்போம்; அண்டை வீட்டாருக்கு அவர் மொழியில் எடுத்துரைப்போம். மின்சாரம் நாட்டுக்கு வேண்டும்; கடலும் வேண்டும். இரண்டுக்கும் இடையே நிற்கும் காவல், எவரும் படிக்கத்தக்க கணக்கேயாம்.