கொள்கலனுக்குள் ஒரு கட்டளை

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"வைத்தியருக்குக் கணினிக் கட்டளையில் என்ன வேலை?" என்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. இன்று பல வைத்தியசாலைகளில் குருதிப் பரிசோதனை முடிவு கணினி வழியாகத்தான் விடுதிக்கு வருகிறது. அது பிழையாக வந்தால், அதை நம்பிப் படுத்திருப்பவர் எனது நோயாளி. இதனால்தான் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்கு மருத்துவத் தகவலியலும் கற்பிக்கிறது. அந்தத் துறை வைத்தியர்களும் சேர்ந்து உழைத்ததால், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டிஎச்ஐஎஸ்-2 என்ற திறந்த மென்பொருளில் கோவிட் கண்காணிப்புப் பகுதியை 2020 ஜனவரியில் இலங்கை முதன்முதலில் அமைத்தது. பல நாடுகள் பின்னர் அதனைப் பின்பற்றின.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்குக் கொள்கலன் புதிய பொருளல்ல. துறைமுகத்துக்குப் போகும் நீண்ட லொறிகளுக்கு வழிவிட்டுத்தான் பலர் பாடசாலைக்கு வந்தோம். பெட்டிக்குள் தேயிலை இருந்தாலும் துணி இருந்தாலும் பாரந்தூக்கிக்கு ஒன்றுதான். மென்பொருளையும் இன்று அப்படியே, அது இயங்கத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு பெட்டியில் அடைக்கிறார்கள். அப்பெட்டிகளைப் பல கணினிகள் சேர்ந்து சுமக்கும்போது அது ஒரு கொத்தணி. கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் படித்த அதே சொல்தான்.

கொத்தணியை நடத்தும் மென்பொருள்களில் பெயர்பெற்றது குபர்நெட்டீஸ். கூகிள் 2014இல் வெளியிட்டது. கிரேக்க மொழியில் அதன் பொருள் சுக்கான் பிடிப்பவர். எங்கள் பழந்தமிழில் மீகாமன். இந்த மீகாமனுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு கொள்கலன் பழுதானால் அதைத் திருத்திக்கொண்டிருக்காது. எறிந்துவிட்டு, அதே அச்சிலிருந்து புதிதாக ஒன்றை வார்க்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் கொள்கலனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'கியூப்சிடிஎல் எக்ஸெக்' என்று தட்டி, கொள்கலன் இருக்கும் அலகின் பெயரைக் கொடுத்து, இரண்டு சிறுகோடுகள் இட்டு, அதன்பின் கட்டளையை எழுத வேண்டும். அது முதலில் கொத்தணியின் வாசலுக்குப் போகும். நீங்கள் யார், உங்களுக்கு அனுமதி உண்டா என்று அங்கே பார்ப்பார்கள். அனுமதி இருந்தால், கொள்கலன் ஓடும் கணினியில் உள்ள முகவரிடம் கட்டளை சேரும். அவர் அதைக் கொள்கலனுக்குள் ஓடவிட்டு, விடையை உங்கள் திரைக்கு அனுப்புவார்.

இதனால் என்ன பயன்? எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டெங்கு நோயாளிக்குக் குருதியின் செறிவைக் காட்டும் பிசிவி அளவைச் சில மணிக்கொரு தடவை பார்ப்போம். குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியும் ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணிநேரம். அது எப்போது தொடங்கியது என்பதை வைத்தே சேலைன் அளவைத் தீர்மானிக்கிறோம். காலை ஆறு மணிக்கு எடுத்த குருதியின் முடிவில் நள்ளிரவு பன்னிரண்டரை என்று அச்சாகியிருந்தது. ஐந்தரை மணிநேர வித்தியாசம். விடுதித் தாதி கண்டுபிடித்திராவிட்டால் கணக்கே மாறியிருக்கும்.

அங்கிருந்த இளம் பொறியியலாளர் கொள்கலனுக்குள் 'டேட்' என்ற ஒரேயொரு கட்டளையை ஓடவிட்டார். திரையில் கிரீன்விச் நேரம் வந்தது. வேறெதுவும் சொல்லாவிட்டால் கொள்கலன்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஓடும். நோய் இன்னதென்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அவசரத்தில் அவர் உள்ளே வைத்தே நேரத்தை மாற்றிவிட்டார். முடிவுகள் சரியாக வந்தன, எல்லோரும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் இரவு அந்தக் கொள்கலன் நின்றுபோனது. மீகாமன் தன் வழக்கப்படி பழைய அச்சிலிருந்து புதிய ஒன்றை வார்த்தது. நேரம் மறுபடி ஐந்தரை மணி பின்னே போனது. அன்றிரவு கடமையில் இருந்தவருக்கு முன்பு செய்த திருத்தம் பற்றி எதுவும் தெரியாது. எங்கும் எழுதப்படவில்லை. பின்னர் கொத்தணியின் அமைப்புக் கோப்பில் இலங்கை நேரத்தை ஒரு வரியாக எழுதிய பிறகே அது நிலைத்தது.

வைத்தியசாலையில் வேலை செய்த சகோதரிகளுக்கு இது விளங்கும். கட்டிலருகே போய் நாடி பிடித்துப் பார்க்கலாம், அதற்காகத்தான் போகிறோம். மருந்தை மாற்றினால் பெட் ஹெட் டிக்கெட்டில் எழுத வேண்டும். எழுதாத மருந்து அடுத்த முறை கடமைக்கு வருபவருக்குக் கொடுக்கப்படாத மருந்துதான். எக்ஸெக் கட்டளை நாடி பார்க்கும் கை. அமைப்புக் கோப்புத்தான் டிக்கெட்.

இன்னொன்றும் உண்டு. உள்ளே போகிறவருக்கு அந்த மென்பொருள் தொடக்கூடிய எல்லாமே எட்டும். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் அதில் அடங்கலாம். யார், எப்போது கதவைத் திறந்தார் என்பதைக் கொத்தணி பதிந்து வைக்கலாம். உள்ளே ஓர் உரையாடலைத் திறந்து அவர் தட்டிய ஒவ்வொரு கட்டளையையும் அது பதியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகக் கருதுகிறது. ஒரு பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை முடிவு வெள்ளவத்தையில் வெளியே தெரிந்தால், மாலைக்குள் அடுத்த ஒழுங்கைக்கும் தெரிந்துவிடும். ஆகவே அந்த அனுமதி சிலருக்கு மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் இருக்க வேண்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் எமது பிள்ளைகள் பலர் இத்துறையில் இருக்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் கொத்தணியில் யாரெல்லாம் உள்ளே போகலாம் என்ற பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். விடுமுறைக்கு வரும்போது உயர்தர மாணவிகளுக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்கி, 'டேட்' கட்டளையிலிருந்து தொடங்கிக் காட்டுங்கள். பார்ப்பதை முதலில் பழக்குங்கள். மாற்றுவதை எழுதிவிட்டு மாற்றப் பழக்குங்கள். அடுத்த கடமைக்கு வரப்போகிறவர் அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம்.