மைக்குக்கு மட்டும் கேட்கப் பாடியவர்



திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிறது கிளியனூர். தேவாரத்தில் வரும் திருக்கிளியன்னவூர் இதுதான். இங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் மரக்காணத்து உப்பளங்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் கல்யாணமோ, காதுகுத்தோ, அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதோ, எதுவானாலும் முதல் வேலையாகக் கூம்புக் குழாய் மரத்தில் ஏறிவிடும். அதில் டி.எம். சௌந்தரராஜன் பாடினால் ஊர் தாண்டிப் போகும். சீர்காழி கோவிந்தராஜன் அதற்கும் அப்பால் போவார். பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடினால் பந்தலைத் தாண்டுவதே சிரமம். மைக்செட்காரர்கள் அவரை அதிகம் போடாததற்கு ரசனைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. கூம்புக் குழாயின் வாகு அப்படி. எடுப்பான குரலை அது தூக்கி வீசும், அடிக்குரலைத் தின்றுவிடும். ஸ்ரீநிவாஸின் சொத்தெல்லாம் அடிக்குரலில்தான் இருந்தது.

அந்தச் சொத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மென்மையாகப் பாடுகிறவர் என்றாலே சத்துக் குறைந்த குரல் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. மைக் இல்லாத நாடக மேடையில் நின்ற எஸ்.ஜி. கிட்டப்பா, கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் கேட்கும்படி பாடியாக வேண்டியிருந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் அந்த மேடையிலிருந்தே சினிமாவுக்கு வந்தார். 1944இல் ‘ஹரிதாஸ்’ வந்தபோதும் அவர் குரலில் மேடையின் உயரம் இறங்கவில்லை. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1925வாக்கில் மின்சார மைக் வைத்து இசைத்தட்டுப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகுதான் பிங் கிராஸ்பி போன்றவர்கள், பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுகிற அளவுக்குக் குரலை இறக்கிப் பாடத் துணிந்தார்கள். அவர்களுக்குக் ‘குரூனர்’ என்று பெயர் விழுந்தது. அப்போது அதில் கொஞ்சம் கேலியும் கலந்திருந்தது.

அந்த வழியில் பின்னால் வந்து உச்சிக்குப் போனவர் ஃபிராங்க் சினாட்ரா. அவருக்கு ஒரு வசதி இருந்தது. ஜார்ஜ் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர் முதலானவர்கள் மேடை நாடகங்களுக்கும் படங்களுக்கும் செய்த பாட்டுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடுகிற பொதுச் சொத்துபோலப் புழங்கின. ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என்பார்கள். எந்த நாடகத்தில் வந்தது, யார் நடித்தது என்பது ஜனங்களுக்கு மறந்தே போயிருக்கும். சினாட்ரா அதை எடுப்பார், தன் மனசுக்குத் தோன்றிய வேகத்தில் பாடுவார். 1955இல் ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’ என்று ஒரு லாங் பிளே இசைத்தட்டு முழுவதையும் தூக்கம் வராத பின்னிரவுக்கென்றே ஒதுக்கினார். இசை ஒழுங்கு நெல்சன் ரிடில்.

நம்மவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாட்டை அவர் தேர்ந்தெடுக்க முடியாது, அதுதான் அவரைத் தேடி வரும். வரும்போதே ஒரு கதாநாயகனின் முகத்தையும் ஒட்டிக்கொண்டு வரும். மெட்டு இசையமைப்பாளருடையது, சொல் கவிஞருடையது, முகம் நடிகருடையது. பாடுகிறவருக்கு மிஞ்சுவது மூன்று நான்கு நிமிடத்துக்கான மூச்சும், எந்தச் சொல்லில் எவ்வளவு அழுத்துவது என்ற முடிவும்தான். அவ்வளவு சின்ன இடத்தில் நின்றுகொண்டு அவர் செய்ததைப் பாருங்கள்.

பிரதிவாதி பயங்கரம் ஸ்ரீநிவாஸ் என்பது முழுப்பெயர். இவ்வளவு சாதுவான குரலுக்கு இப்படி ஒரு பெயர்! 1930 செப்டம்பர் 22ஆம் தேதி காக்கிநாடாவில் பிறந்தார். வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி அவரை ஜெமினி ஸ்டூடியோவுக்கு அறிமுகப்படுத்த, 1952இல் ‘மிஸ்டர் சம்பத்’ என்ற இந்திப் படத்தில் முதல் வாய்ப்பு. மறு ஆண்டு ‘ஜாதகம்’ படத்தில் தமிழ். ஆனால் அப்போது மென்குரலுக்கான இடம் காலியாக இல்லை. ஏ.எம். ராஜா அங்கே இருந்தார். ‘மிஸ்ஸியம்மா’வில் ஜெமினி கணேசனுக்குப் பாடியவர் அவர், ‘கல்யாணப் பரிசு’க்கு இசையமைத்துப் பாடியவரும் அவரே. தமிழ் சினிமாவில் குரலை இறக்கிப் பாடுவதற்கு மரியாதை தேடித் தந்ததில் ராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

ஸ்ரீநிவாஸுக்குத் தமிழில் கதவு அகலத் திறந்தது 1961இல், ‘பாவ மன்னிப்பு’ படத்தில். கண்ணதாசன் பாட்டு, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. ‘காலங்களில்’ என்று தொடங்குகிற பாட்டு. அதன் அடிகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை: ஒரு வகையைச் சொல்லி, அதில் அவள் எது என்று முடிப்பது. எழுத்தில் பார்த்தால் பட்டியல். சாதாரணப் பாடகர் கையில் கிடைத்தால் நான்காவது அடியில் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். ஸ்ரீநிவாஸ் அடியின் முன்பாதியைப் பேச்சுப்போல விட்டுவிடுகிறார். பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறுத்தம். பின்பாதியில் வரும் ஒரு சொல்லில் மட்டும் லேசாகச் சாய்கிறார். யோசித்து யோசித்துச் சொல்வது போலவும், ஒவ்வொன்றும் அப்போதுதான் தோன்றியது போலவும் இருக்கிறது. பட்டியல் காதலாக மாறுவது அந்த நிறுத்தத்தில்தான். கர்நாடக இசை தெரிந்தவர், கமகத்தைக் கொட்டி நிரப்பியிருக்கலாம். நிரப்பவில்லை.

அந்தப் படத்துக்கு ஏவி.எம். ஒரு போட்டி வைத்தது. இலங்கை வானொலியில் படத்தின் பாட்டுகளை ஒலிபரப்பி, எது முதல், எது இரண்டாவது என்று நேயர்களையே வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார்கள். கடிதங்கள் குவிந்தன. இலங்கை வானொலியிடம் போக வேண்டி வந்ததற்கு நம் வானொலியும் ஒரு காரணம். 1950களில் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட தள்ளியே வைத்திருந்தார்கள். ஜனங்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கிய பிறகுதான் இங்கே பிடிவாதம் தளர்ந்தது. ஸ்ரீநிவாஸ் அந்த நேரத்தில் வந்தது அவர் அதிர்ஷ்டம் என்பேன். டிரான்சிஸ்டர் பரவியதும் அந்த ஆண்டுகளில்தான். கூம்புக் குழாய் விழுங்கிய குரலைத் தலைமாட்டில் இருந்த பெட்டி திருப்பிக் கொடுத்தது. விடியுமுன்னே உப்பளத்துக்குப் புறப்பட வேண்டியவர்கள் இரவில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார்கள். குறைத்து வைத்தாலும் குறையாத பாட்டு என்று சிலதுதான் உண்டு.

அடுத்த ஆண்டு, 1962, ‘சுமைதாங்கி’. ஸ்ரீதர் படம். அதே கவிஞர், அதே இசையமைப்பாளர்கள். ‘மயக்கமா கலக்கமா’ என்ற பாட்டைத் தெரியாதவர் நம் நேயர்களில் இருக்க முடியாது. அது அடிப்படையில் புத்திமதிப் பாட்டு. புத்திமதி சொல்கிறவர் குரலை உயர்த்தினால் கேட்கிறவர் எழுந்து போய்விடுவார். ஸ்ரீநிவாஸ் அதை இன்னொருவருக்குச் சொல்லவே இல்லை. தனக்கே சொல்லிக்கொள்கிறார். தொடக்கத்தில் அடுக்கிய கேள்விகள் வருகின்றன; எந்தக் கேள்வியிலும் குரல் மேலே ஏறி நிற்பதில்லை. பதில் தெரிந்துதான் கேட்கிறார், ஆனாலும் ஆறவில்லை. இந்தப் பாட்டால் கவிஞர் வாலி சென்னையில் தங்கிய கதையை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த வேளையில், ஸ்ரீநிவாஸ் தாம் பாடிவிட்டு வந்த இந்தப் பாட்டை அவருக்குப் பாடிக் காட்டினாராம். வாலி பெட்டியைக் கட்டவில்லை. கவனியுங்கள், ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, திரையில் வாயசைக்கும் ஜெமினி கணேசனின் முகம் கிடையாது. அறையில் ஒரு மனிதர் இன்னொருவருக்கு மெல்லப் பாடியது.

1966இல் ‘ராமு’. ‘நிலவே என்னிடம்’. மனைவியை இழந்தவன் பாடுகிறான். பாகேஸ்வரி ராகத்தின் சாயலில் எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட மெட்டு. சொற்கள் கிட்டே வராதே என்று தள்ளுகின்றன. குரலோ தள்ளவில்லை, முதல் எழுத்திலேயே அணைத்துக்கொண்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தவிப்பது கேட்கிறவர் பாடு. அழுகையைக் குரலில் காட்டுகிற பாடகர்கள் நம்மிடம் நிறைய. அழப்போகிறவன் அடக்கிக்கொள்வதைக் காட்டத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

அவரை ‘ஜெமினி கணேசனின் குரல்’ என்று சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. பாராட்டுப்போலத் தோன்றினாலும் அது அவரைச் சின்னதாக்குகிறது. ‘வீரத் திருமகன்’ படத்தில் சி.எல். ஆனந்தனுக்கு, சுசீலாவோடு சேர்ந்து ‘ரோஜா மலரே’ பாடினார். வாள் பிடிக்கிற கதாநாயகனுக்கும் அந்தக் குரல் பொருந்தியது. இந்தியில் ‘மைன் பீ லட்கீ ஹூம்’ படத்தில் லதா மங்கேஷ்கருடன் பாடினார். கன்னடத்தில் ராஜ்குமாருக்கு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அவர்தான் குரல். புராணம், சரித்திரம், சண்டைப் படம் எல்லாவற்றிலும். பெங்களூரில் போய் ‘ஜெமினியின் குரல்’ என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

எல்லாம் அவருக்கு ஒத்துவந்தது என்று சொல்ல மாட்டேன். கிராமத்துத் துள்ளலான பாட்டில் அவர் விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி கொஞ்சம் ஒதுங்கியே நிற்பார். ஆவேசமும் அவருக்கு வராது. எழுபதுகளில் வாத்தியங்களின் சத்தம் கூடியது, எஸ்.பி. பாலசுப்ரமணியம் போன்ற புதுக் குரல்கள் வந்தன, இவருக்குப் பாட்டு குறைந்தது. அவர் அதற்காகப் புலம்பியதாகத் தெரியவில்லை. தலைப்பாகையும், சட்டைப்பையில் வண்ண வண்ணப் பேனாக்களுமாக உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் உட்கார்ந்து பல மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். 1969இல் நிலவில் மனிதன் இறங்கியபோது ஆங்கிலத்திலேயே பாட்டு எழுதிப் பாடி, நிக்சனுக்கும் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் இசைத்தட்டு அனுப்பியவர் அவர். நிலவு அவரை விடவில்லை!

2010இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் பாம்பே ஜெயஸ்ரீயோடு அவர் பாடிய பாட்டைக் கேளுங்கள். எண்பதை நெருங்கிய வயது. குரலில் முதுமை தெரிகிறது. ஆனால் அழுத்தத்தை எங்கே வைப்பது, எங்கே விடுவது என்ற பழைய கணக்கு ஓர் இம்மி பிசகவில்லை. 2013 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சென்னையில் காலமானார்.

சினாட்ராவுக்குக் கிடைத்ததுபோல இரவுக்கென்று ஓர் இசைத்தட்டு இவருக்கு யாரும் போடவில்லை. அந்த வேலையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும், அதற்கு வானொலியே வசதி. இதில் முகம் தெரியாது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அடிக்குரலைக் கெடுப்பதில் கூம்புக் குழாய்க்கு அது சளைத்ததில்லை. காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

நான் சொன்ன நான்கு பாட்டுகளில் என் வரிசை இது: ‘மயக்கமா கலக்கமா’ முதல், ‘காலங்களில்’ இரண்டாவது, ‘நிலவே என்னிடம்’ மூன்றாவது, ‘ரோஜா மலரே’ கடைசி. மூன்றாவதை முதலில் வைக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இருப்பார்கள். வாதத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள்.