வெரோனாவில் அறத்தொடு நின்றார் இலர்

 

தாம்பரம் கிறித்தவக் கல்லூரிக்குச் செகப்பிரியரோடும் தமிழ் நாடகத்தோடும் பழந்தொடர்பு உண்டு. கல்லூரி தாம்பரத்திற்கு வந்தது 1937இல். அதற்கு முன் சென்னை நகருக்குள் அது இயங்கியபோது முதல்வராய் விளங்கிய மில்லர், செகப்பிரியரின் துன்பியல் நாடகங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். அக்கல்லூரியிலேயே பயின்று அங்கேயே தமிழாசிரியராய் அமர்ந்த பரிதிமாற் கலைஞர், 1897இல் 'நாடகவியல்' என்னும் நூலால் தமிழ் நாடகத்திற்கு இலக்கணம் வகுத்தார். பிறர் நாடகத்தையும் கற்க வேண்டும். கற்றதைத் தமிழ்க் கண்ணால் காணவும் வேண்டும். அவ்வாறு 'உரோமியோவும் சூலியத்தும்' என்னும் காதல் துன்பியலைக் காண்போம்.

வெரோனா நகரில் இரண்டு குடிகளுக்குள் பழம்பகை. பகைக்குடி மகனும் மகளும் ஒரு விருந்தில் கண்டு காதல் கொள்கின்றனர். மறுநாளே மறைவாக மணக்கின்றனர். ஐந்தே நாளில் இருவரும் கல்லறையில் பிணமாகின்றனர். நாடகத்தின் முகப்பு இப்பழியை வான்மீன்கள் மேல் ஏற்றுகிறது. பழி வான்மீன்களுடையதன்று, மாந்தருடையது. ஒவ்வொருவராய்ப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

உரோமியோ விரைவே உருவானவன். காலையில் வேறொருத்தியை எண்ணி ஏங்கியவன், இரவில் சூலியத்தைக் கண்டு அவளை மறக்கிறான். சூலியத்தோ பதினான்கு அகவையும் நிரம்பாதவள்; ஆயினும் அவனினும் உறுதியானவள். மணம் பற்றிய பேச்சை முதலில் எடுப்பவள் அவளே. களவு கற்பாக வேண்டும் என்னும் தெளிவு அவளிடம் இருந்தது.

ஆயின் களவைக் கற்பாக்க இருவர் போதார். இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையை உரைப்பது அகப்பொருள் மரபு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மறைவெளிப்படுத்தல்' அன்று. 'அறத்தொடு நிற்றல்' என்பதாகும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலிக்கு அறத்தொடு நின்ற கூற்றே. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவுறுத்தக் கபிலர் தேர்ந்தெடுத்த பொருள் இதுவே எனின், தமிழின் உயிர்நிலை எதுவென அவர் கருதினார் என்பது சொல்லாமலே விளங்கும்.

வெரோனாவிலும் ஒரு செவிலி உண்டு. பாலூட்டி வளர்த்தவள் அவள். காதலர்க்கிடையே தூது நடந்தவளும் அவளே. உரோமியோ நாடு கடத்தப்பட்டதும், தந்தை சூலியத்தைப் பாரிசு என்பானுக்கு மணமுடிக்க நாள் குறிக்கிறான். "இவள் முன்னரே மணமானவள்" என்று ஒரு சொல் சொல்ல வேண்டிய பொழுது அது. செவிலியோ, பாரிசையே மணந்துகொள் என்கிறாள்! சூலியத்து முற்றிலும் தனியளானது அந்நொடியில்தான்.

துறவி இலாரன்சு நல்லவர். இருகுடிப் பகையும் தீரும் என்றெண்ணியே மணத்தை முடித்து வைத்தார். ஆயினும் உண்மையை நம்பாது பச்சிலைச் சாற்றை நம்பினார். நாற்பத்திரண்டு மணி நேரம் சூலியத்தைப் பிணம்போற் கிடத்தினார். கொள்ளைநோய் அச்சத்தால் மடல் கொண்டு சென்றவர் அடைபட, சூழ்ச்சி முழுதும் பாழாயிற்று.

சொல்லியிருந்தால் மட்டும் அத்தந்தை கேட்டிருப்பானா என வினவலாம். விருந்தில் உரோமியோவைக் கண்ட திபால்டு வாளெடுக்கத் துடித்தபோது, அவனை அடக்கியவன் சூலியத்தின் தந்தையே. உரோமியோ நற்பண்பினன் என ஊர் சொல்வதையும் அவனே எடுத்துரைத்தான். பின்னர்த் திபால்டு உரோமியோவின் வாளால் மாண்டதும் சினம் முற்றிற்று. அதற்கு முன் ஒரு வாயில் திறந்திருந்தது. அதன்வழி எவரும் நுழையவில்லை.

இறுதியில் துறவி அனைத்தையும் அரசனிடம் உரைக்கிறார். அறத்தொடு நிற்றல் அங்கும் நடக்கிறது. பிணங்களின் முன்னே நடக்கிறது. பகைத்த தந்தையர் கைகோத்துப் பொற்சிலை எடுப்போம் என்கின்றனர். பிள்ளைகளைச் சிலைகளாக மட்டுமே ஏற்றுக்கொள்ளும் பெற்றோரைக் காட்டித் திரையை விடுகிறார் செகப்பிரியர்.

இது வெரோனாவின் கதை மட்டுமா? தாம்பரத்திற்கு அணித்தாயுள்ள பள்ளிக்கரணையில், 2024இல், சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் உடன்பிறந்தான் உள்ளிட்டோர் தளையிடப்பட்டனர். இரு திங்களில் அப்பெண்ணின் உயிரும் பிரிந்தது. அம்மணம் மறைவானதன்று, ஊரறிந்தது. ஆகவே உண்மையை அறிந்திருத்தல் மட்டும் போதாது. 'நிற்றல்' என்று நம் முன்னோர் சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. அறிந்த உண்மையின் பக்கம், அரிவாள் எழுமுன், காலூன்றி நிற்க வேண்டும்.

அகப்பொருள் மாந்தர்க்குப் பெயரில்லை, குலமும் கேட்கப்படுவதில்லை. அந்த இலக்கியம் எமதென்று மார்தட்டும் தமிழன், வீட்டுப் பெண் விரும்பியவனிடம் முதலில் சாதியைக் கேட்பானாயின், அவன் வாயிலுள்ளது தமிழ், நெஞ்சிலுள்ளது வேறு. வடசொல்லை நீக்கிப் பேசுவது மொழித்தூய்மை. சாதியை நீக்கி வாழ்வது அதன் மறுபாதி.

இன்றைய செவிலியும் தோழியும் எவர்? உற்றாரும் ஆசிரியரும் அண்டை வீட்டாருமே. அடுத்த தெருவில் ஓர் இணை அஞ்சி நிற்கும்போது, அவர்களுக்காகப் பெற்றோர் முன் சென்று ஒரு சொல் சொல்லுங்கள். கல்லறையில் சொல்லும் உண்மை எவரையும் எழுப்புவதில்லை.

உயிரோடிருக்கும்போதே அறத்தொடு நிற்போம்!