பூட்டிய கதவை மீண்டும் திறக்கலாமா?

 

ஆண்டு விழா மேடையில் பேய்ப் படத்தைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குறளையும் சிலம்பையும் எடுத்துரைக்கக் கற்றறிந்தோர் இவ்வவையில் பலர் இருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் நான், நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஒன்றைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என எண்ணினேன். கோடை விடுமுறையில் நம் குடியிருப்பில் திரையிட இளைஞர் குழுவினர் ஒரு பட்டியல் தந்துள்ளனர். ‘சந்திரமுகி’யும் அதன் இரண்டாம் பாகமும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதைக் காட்டுவோம், இரண்டாவது வேண்டாம் என்பதே என் கட்சி.

இக்கதையின் மூலம் மலையாளம். 1993இல் மது முட்டம் எழுத, பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ அது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த கங்கை என்னும் பெண், அங்கு வாழ்ந்து மடிந்த நாகவல்லி என்ற நடனமாதாகவே தன்னை எண்ணத் தொடங்குகிறாள். ஊரார் பேய் என்கின்றனர். மருத்துவரோ நோய் என்கிறார்; அந்நோயைத் தீர்த்தும் வைக்கிறார். கங்கையாக நடித்த சோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

அந்த நாகவல்லி யார்? தஞ்சையிலிருந்து கேரளத்துக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்ப் பெண்! மலையாளிகளை அச்சுறுத்திய பேய் தமிழ் பேசிற்று. 2004இல் பி. வாசு இதனைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆக்கியபோது அப்பேய் தெலுங்கு பேசிற்று. மறு ஆண்டு அவரே தமிழில் எடுத்த ‘சந்திரமுகி’யிலும் தெலுங்குதான். 2007இல் வந்த இந்திப் படத்திலோ வங்காளத்து மஞ்சுலிகா. எந்த நாட்டில் கதை நடந்தாலும் பேய் மட்டும் அயல்மொழிக்காரியாகவே இருப்பதைக் கவனித்தீர்களா? பெங்களூரில் பிழைக்க வந்த நமக்கு இது வெறும் வேடிக்கையன்று. தன் ஊருக்குத் திரும்ப விடப்படாத ஒருத்தியின் அழுகுரலைத்தான் அந்த அரண்மனையார் தலைமுறை தலைமுறையாகப் பேயின் குரல் என்று அஞ்சினர்.

கங்கையின் கதையும் நமக்கு அயலானதன்று. மலையாள மூலத்தில் அவளுடைய பெற்றோர் பிழைப்புக்காகக் கல்கத்தாவில் இருக்க, குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்கிறாள். பின்னர், பழகிய மண்ணிலிருந்து அவளைப் பிடுங்கிச் செல்கின்றனர். அவள் மனம் பிளவுண்டதன் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆற்காட்டிலும் தருமபுரியிலும் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு, மாதச் சம்பளத்துக்காக இங்கே தனியாகக் காலந்தள்ளிய தாய்மார்கள் இவ்வவையிலேயே எத்தனை பேர்! அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனித் தொடர்ச்சிகளுக்கு வருவோம். 2023இல் வந்த ‘சந்திரமுகி இரண்டு’ படத்தில் சந்திரமுகி மெய்யான பேயாகவே உலவுகிறாள். இந்தியிலும் 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் மஞ்சுலிகா சூனியம் பயிலும் கொடியவளாகிவிட்டாள். அப்படியானால் முதற்பாகத்து மருத்துவர் செய்தது என்ன? நோய் என்று நிறுவித் தீர்த்து வைத்ததை, இல்லை, அது பேய்தான் என்று அடுத்த பாகம் அடித்துவிடுகிறது. முடித்துக் கையொப்பமிட்ட கணக்கைப் பின்னால் வந்தவர் திருத்துவது போன்றதே இது. எங்கள் அலுவலகத்தில் இதற்கு விளக்கம் கேட்பார்கள். திரையுலகில் வசூல் கணக்கு மட்டுமே கேட்கிறார்கள்.

இதில் என்ன கெட்டுப் போயிற்று, வெறும் படந்தானே என்பீர்கள். நம் ஊரில் ஓசூர்ச் சாலையில் நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. மனநோய்க்கு மருத்துவம் நாடி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே வருகின்றனர். அதே ஊரில் வாழும் நம்மவர் சிலரோ, பெண் தனக்குத்தானே பேசத் தொடங்கினால் முதலில் தாயத்துக் கட்டுகின்றனர். அடுத்து மந்திரவாதியைத் தேடுகின்றனர். ஓராண்டு வீணான பிறகே மருத்துவரிடம் அழைத்துச் சென்ற குடும்பங்களை நான் அறிவேன். ‘சந்திரமுகி’யைப் பார்த்த வீட்டில் “இது நோயாக இருக்குமோ?” என்று ஒருவராவது கேட்க வழியுண்டு. இரண்டாம் பாகம் அந்தக் கேள்வியை அழித்துவிடுகிறது.

எல்லாத் தொடர்களையும் நான் குறை கூறவில்லை. ‘காஞ்சனா’ வரிசையில் பேய் தொடக்கம் முதலே பேய்தான். 2011இல் வஞ்சிக்கப்பட்ட திருநங்கை ஒருத்தி வந்தாள். 2015இல் வேறொருத்தி வந்தாள். பெயர் நீடிக்கிறது, வழக்கு புதிது. ‘அரண்மனை’ 2024இல் நான்காம் பாகத்தை எட்டிற்று. அதிலும் பெரும் தீங்கில்லை, அலுப்புத்தான். அவற்றை நிறுத்தும் வேலையைப் பார்ப்பவர்களே செய்து கொள்வார்கள்.

‘ஆப்தரட்சகா’வைப் பற்றியும் ஒரு சொல். நாகவல்லி கதையைக் கன்னடத்தில் தொடர்ந்த படம் அது. என் கணக்குப்படி அதுவும் வேண்டாத தொடர்ச்சியே. ஆயினும் விஷ்ணுவர்த்தன் 2009 டிசம்பர் 30ஆம் நாள் மறைந்தார். படம் 2010 பிப்ரவரியில் வெளிவந்தது. கன்னட நண்பர்கள் கொட்டகைக்குச் சென்றது பேயைப் பார்க்கவன்று, அவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க. முதற்படத்தில் கங்கையாக நடித்த சௌந்தர்யாவும் அப்படித்தான். 2004 ஏப்ரல் 17 அன்று, நம் சக்கூர் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய சிறு விமானம் விழுந்து அவர் மாண்டார். அதன் பின்னரே ‘ஆப்தமித்ரா’ திரைக்கு வந்தது. அப்படங்களைக் கன்னடர்கள் பார்க்கும் கண்ணோடு நாம் பார்க்க இயலாது. ஆகவே அங்கே நான் வழக்காட மாட்டேன்.

பழைய பெயர் இருந்தால்தானே கூட்டம் வரும் என்பது தயாரிப்பாளர் கட்சி. 2024 ஆகஸ்டில் ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தையே துலக்கி மறுபடி வெளியிட்டனர். முப்பது ஆண்டுப் பழைய படத்துக்கு மக்கள் வந்தனர். முடிவு தெரிந்தே வந்தனர்.

எனவே இளைஞர் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது: மூன்று சனிக்கிழமைகளில் ‘மணிச்சித்திரத்தாழ்’, ‘ஆப்தமித்ரா’, ‘சந்திரமுகி’ ஆகிய மூன்றையும் வந்த வரிசையிலேயே திரையிடுங்கள். அடுத்த தெருக் கன்னடக் குடும்பங்களையும் மலையாள நண்பர்களையும் அழையுங்கள். திரைத்துணி வாடகையில் ஒரு நாள் பங்கை நான் தருகிறேன். நான்காம் சனிக்கிழமை குழந்தைகளின் பாட்டுப் போட்டிக்கு இருக்கட்டும்.