எம்பிராய்டரி மெஷின் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

(நம் கட்சியின் மகளிர் அணி அம்பத்தூரில் நடத்திய சுயதொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத பலரும் கேட்டதால் எழுத்து வடிவில் பதிவிடுகிறோம்.)



தையல் நம்ம பகுதிக்குப் புதுசு இல்லை. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எத்தனையோ எக்ஸ்போர்ட் கம்பெனிகள். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961-லிருந்தே இருக்கு. பூந்தமல்லி வரைக்கும் எந்தத் தெருவுக்குப் போனாலும் கம்பெனி மெஷின்ல உட்கார்ந்து பழகின கை ஒன்றாவது இருக்கும்.

ஆனா நாற்பது வயசு தாண்டினதும் "டார்கெட் முடிக்க முடியலை"ன்னு வேலை போயிடுது. குழந்தை பிறந்ததும் நின்னவங்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அந்த நேரத்துல செல்போன்ல ஒரு விளம்பரம் வருது: "கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்குங்க, வேலையை நாங்களே தர்றோம், மாசம் ஐம்பதாயிரம் உறுதி!" உடனே தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போகுது. மெஷின் வீட்டுக்கு வரும். வேலை வராது. அப்படி ஒரு மெஷின்கூட நம்ம தெருவுல போர்வை போர்த்தி நிக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

முதல்ல கேட்க வேண்டியது "எந்த மெஷின் நல்லது?" என்பதில்லை. "எனக்கு யார் வேலை தருவாங்க?" என்பதுதான். நம்ம பகுதியில் மூணு வகை வேலை இருக்கு.

ஒன்று, லோகோ வேலை. தொழிற்பேட்டைக் கம்பெனி சீருடை, பள்ளி பேட்ஜ், ஆஸ்பத்திரி, செக்யூரிட்டி சட்டை, தொப்பி. சின்ன டிசைன், எண்ணிக்கை அதிகம், மாசாமாசம் திரும்ப வரும்.

இரண்டு, ஜாக்கெட் வேலை. கல்யாண சீசன்ல காசு நல்லா வரும். ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் ஒரு டிசைன். ஆடி, மார்கழியில் மந்தமா இருக்கும்.

மூன்று, சேலை, சுடிதார் துணியை மீட்டர் கணக்கில் போடுவது. இதுல நாம இறங்க வேண்டாம். சூரத்தில் பெரிய பெரிய மெஷின்கள் வரிசையா ஓடுது. அந்த விலைக்கு நம்மால கொடுக்க முடியாது. "நாளைக்குக் காலைல 30 சட்டை வேணும்"னு கேட்கிற பக்கத்துக் கம்பெனிக்கு சூரத்தால உதவ முடியாது. நம்ம பலம் அங்கேதான்.

இப்போ மெஷினுக்கு வருவோம்.

* ஜிக்ஜாக் மெஷின்: துணியைக் கையால நகர்த்திப் பூப்போடுவது. விலை குறைவு. கை பழகினவங்க ஜாக்கெட், பாவாடை வேலைக்கு இதிலேயே தொடங்கலாம். ஆனா நூறு சட்டைக்கு ஒரே மாதிரி லோகோ வராது.

* வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர் மெஷின்: உஷா ஜனோம், பிரதர் போன்றவை. ஒரே ஊசி. கலர் மாறும்போதெல்லாம் நீங்கதான் நூல் மாத்தணும். மூணு கலர் லோகோன்னா ஒரு சட்டைக்கு மூணு தடவை மெஷின் பக்கத்துல நிக்கணும். தட்டை மெஷின்ல தொப்பி போட முடியாது. ஜாக்கெட்டுக்கு நல்லது. நாள் முழுக்க வியாபாரத்துக்கு ஓட்டினா வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க.

* பல ஊசி, ஒரு ஹெட் மெஷின்: 12 அல்லது 15 ஊசி. கலரை அதுவே மாத்திக்கும். தைத்து முடிச்ச சட்டை, தொப்பி ரெண்டும் போடலாம். லோகோ வேலைக்குப் போறவங்களுக்குச் சரியான தொடக்கம் இதுதான்.

* நாலு ஹெட், ஆறு ஹெட்: எல்லா ஹெட்டும் ஒரே நேரத்துல ஒரே டிசைனைத்தான் போடும். ஒரு ஹெட்ல நூல் அறுந்தாலும் மொத்த மெஷினும் நிக்கும். 500 சட்டை ஆர்டர் தொடர்ந்து வரும் என்று உறுதியானால் மட்டும் இதை நினைங்க. ஆளுக்கொரு டிசைன் கேட்கிற ஜாக்கெட்டுக்கு இது பயன்படாது.

"நிமிஷத்துக்கு 1200 தையல்"னு விற்பனையாளர் சொல்வார். அது உச்ச வேகம். நடைமுறையில் 600-ன்னு கணக்கு வைங்க. 5000 தையல் உள்ள லோகோவுக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். ஃப்ரேம் மாட்ட, எடுக்க மூணு நிமிஷம். எட்டு மணி நேரத்துல ஒரு ஹெட்டில் சுமார் 40 சட்டை. 500 சட்டை ஆர்டர் எடுத்தா பன்னிரண்டு, பதிமூன்று நாள். இது தெரியாம "நாலு நாள்ல தர்றேன்"னு வாக்கு கொடுத்துடாதீங்க.

அடுத்து கடன் கணக்கு. ஓர் உதாரணம்: 3 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 5 வருஷம். மாசத் தவணை 6,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. மாசம் 25 நாள் வேலைன்னா, நாளைக்கு 260 ரூபாய். நூல், பேக்கிங் பேப்பர், கரண்ட் போக ஒரு லோகோவுக்கு 12 ரூபாய் மிஞ்சுதுன்னு வைங்க. தினமும் 22 லோகோ போட்டாத்தான் தவணை வரும். அதுக்கு மேல போடுறதுதான் உங்க கூலி. அப்போ மெஷின் வாங்குறதுக்கு முன்னாடியே தினம் 22 லோகோவுக்காவது ஆர்டர் யார் தருவாங்கன்னு பேர் எழுதி வைங்க. பேர் எழுத முடியலைன்னா வாங்காதீங்க. முதல்ல ஆர்டர் பிடிங்க, மெஷின் வெச்சிருக்கிறவங்ககிட்ட ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கி, ரெண்டு மாசம் பழகுங்க.

மெஷின் வாங்கும்போது மறக்கக் கூடாதவை: உங்க துணியையும் டிசைனையும் எடுத்துட்டுப் போய், எதிர்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. பனியன் துணியிலும் போடச் சொல்லுங்க, சுருக்கம் விழுதான்னு தெரியும். மெக்கானிக் சென்னையில் இருக்காரா, ரிப்பேர்னா எத்தனை நாள்ல வருவார்னு கேளுங்க. டிஎஸ்டி ஃபைல் எடுக்குமான்னு பாருங்க. பஞ்சிங் போடறவங்க பெரும்பாலும் அதுலதான் தருவாங்க. பஞ்சிங் கத்துக்க ஆசைப்படுறவங்களுக்கு இங்க்ஸ்டிச் என்ற இலவச மென்பொருள் இருக்கு. அடிக்கடி துவைக்கிற சீருடைக்கு ரேயான் நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல் போடுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததை மறக்காதீங்க. தரைத்தளம்னா மெஷினுக்கு உயரமான மேடை போட்டு, இன்சூரன்ஸும் எடுங்க.

மானியம் பற்றி. மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் நகர்ப்புறப் பெண்களுக்கு 25 சதவீத மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். 10 லட்சத்துக்குள் உற்பத்தித் தொழிலுக்குப் படிப்புத் தகுதி கிடையாது. மாநில அரசின் யுஒய்இஜிபி திட்டத்திலும் 25 சதவீத மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதிகளை அலுவலகத்தில் கேட்டுக்கோங்க.

மூணு விஷயம் கவனம். பிஎம்இஜிபி முதல் கடன் புதுத் தொழிலுக்கு மட்டும்தான், அதனால மெஷினை முதல்ல வாங்கிட்டு அப்புறம் மானியம் கேட்க முடியாது. மானியம் கையில் வராது, வங்கியில் மூணு வருஷம் வைப்பாக இருந்து கடனில் கழியும். குறு, சிறு தொழிலுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரைக்கும் வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டா இந்த விதியைச் சொல்லுங்க.

எந்த அலுவலகம்? அம்பத்தூர் 2018-லிருந்து சென்னை மாவட்டம், கிண்டிக்குப் போகணும். ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம், காக்களூரில் உள்ள மாவட்டத் தொழில் மையம். தவறான இடத்துக்குப் போய் ஒரு நாள் கூலியை இழக்காதீங்க.

கடைசியா, வேலையைக் கொடுத்துட்டுக் காசுக்கு அலையிற கொடுமை. உத்யம் பதிவு பண்ணிக்கோங்க. அது முழுக்க இலவசம், பணம் கேட்டா அது புரோக்கர். பதிவு இருந்தா, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரணும் என்பது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அதுக்கு டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கி வெச்சிருக்கணும். வாய்ப்பேச்சில் வேலை எடுக்காதீங்க.

தனியா முடியலைன்னா மூணு, நாலு பேர் சேருங்க. ஒருத்தர் ஆர்டர் பிடிக்கட்டும், ஒருத்தர் மெஷின் ஓட்டட்டும், ஒருத்தர் நூல் வெட்டி, மடிச்சு, கணக்கு எழுதட்டும். விண்ணப்பம் நிரப்ப, மூணு கடையில் கொட்டேஷன் வாங்க, வங்கிக்குக் கூட வர நம்ம மகளிர் அணி சகோதரிகள் இருக்காங்க. கட்சிக்காரங்களா இல்லையான்னு யாரும் கேட்க மாட்டாங்க. உங்க வட்டப் பொறுப்பாளரிடம் சொல்லுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்களுக்கு வேலை தரக்கூடிய பத்து பேரோட பட்டியலை எழுதிக் கொண்டு வாங்க. மெஷின் பற்றி அதுக்கப்புறம் பேசுவோம்.

நகையை அடகு வைக்கப் போகும் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்கள்.

#சுயதொழில் #மகளிர்அணி #அம்பத்தூர் #ஆவடி #பூந்தமல்லி