புது டிவி வாங்கும் முன்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?



தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் டிவி கடைகளில் கூட்டம் நெரியும். உள்ளே போனால் சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர்: எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி. ஒரே அளவுத் திரைதான், ஆனால் பெயருக்குப் பெயர் விலை பல ஆயிரம் மாறுகிறது. சிலவற்றில் அந்த வித்தியாசம் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. நடுத்தரக் குடும்பம் பல மாதம் சேமித்தோ, தவணையிலோ வாங்கும் பொருள் இது. பல வருடம் நம் ஹாலில் இருக்கப்போகிறது. பெயரை மட்டும் நம்பி இதை வாங்கிவிடக் கூடாது. சரியாகத் தேர்ந்தெடுக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தத் திரைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

இப்படிக் கேட்டுப் பார்த்தால், நம் வீடுகளுக்கென்று விற்கும் டிவிகள் இரண்டே வகைக்குள் அடங்கிவிடும். ஒன்றில் திரைக்குப் பின்னால் தனியாக விளக்கு எரிகிறது. மற்றதில் திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது.

பின்னால் விளக்கு எரிவது எல்சிடி. கடையில் 'எல்இடி டிவி' என்று விற்பதும் இதுதான். பின்னால் இருக்கும் விளக்கு மட்டும்தான் எல்இடி. முன்னால் இருப்பது திரவப் படிகம். 1888-ல் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். அது முதலில் கலங்கலான திரவமானது. இன்னும் சூடேற்றியதும் தெளிந்தது. அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். மின்சாரம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். அதற்கேற்ப, கடந்துபோகும் ஒளி கூடும், குறையும். ஆக, எல்சிடியின் ஒவ்வொரு புள்ளியும், அதாவது பிக்சலும், ஒரு ஜன்னல் கதவு மாதிரி. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கதவு திறந்தால் வெளிச்சம், சாத்தினால் இருட்டு. எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கொஞ்சம் ஒளி கசியத்தான் செய்யும். இரவுக் காட்சியில் வானம் கருப்பாக இல்லாமல் சாம்பல் பூத்துத் தெரிவது இதனால்தான்.

எல்சிடி பேனலிலேயே முக்கியமாக இரண்டு ரகம் உண்டு. ஐபிஎஸ் பேனலை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் அதன் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள ஒளி விகிதம் சுமார் 1000-க்கு 1தான். விஏ பேனலில் அந்த விகிதம் 3000-க்கு 1, அதற்கு மேலும் போகும். கருப்பு நன்றாக இருக்கும். நேர் எதிரே உட்கார்ந்தால் அருமை, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். எட்டுப் பேர் ஹாலில் பரவி உட்காரும் வீட்டுக்கும், ஒரு சோபாவில் இருவர் உட்காரும் வீட்டுக்கும் ஒரே பேனல் பொருந்தாது.

அடுத்து க்யூஎல்இடி. ஓஎல்இடி என்ற பெயரோடு இது எளிதில் குழம்பிவிடுகிறது. ஆனால் இதுவும் எல்சிடிதான். இதில் பின் விளக்கு நீல நிற எல்இடி. அதன் முன்னால் குவாண்டம் புள்ளிகள் பதித்த ஒரு படலம் இருக்கும். சில நானோமீட்டர் அளவுள்ள அந்தத் துகள்கள் நீல ஒளியில் ஒரு பகுதியைச் சுத்தமான பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தரும். துகளின் அளவு மாறினால் நிறமே மாறும். இந்தத் துகள்களைக் கண்டறிந்து, தரமாகத் தயாரிக்க வழி செய்ததற்காக 2023-ல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. க்யூஎல்இடியில் நிறம் செழிப்பாக இருக்கும் என்பது உண்மை. கருப்பு அதனால் மேம்படாது. ஒளிக் கசிவு அப்படியேதான் இருக்கும்.

அந்தக் கசிவைக் குறைக்க வந்ததுதான் மினி எல்இடி. பின்னால் ஆயிரக்கணக்கில் குட்டி விளக்குகளை வைத்து, அவற்றைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். காட்சியில் இருட்டான இடத்துக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும் மங்கும். ஒரு 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஆயிரம் பகுதிகள் இருந்தாலும், ஒவ்வொரு பகுதியும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிக்சல்களுக்குப் பொறுப்பு. அதனால் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும்போது எழுத்தைச் சுற்றி லேசான ஒளி படரும். பகுதிகள் கூடக் கூட அது குறையும். ஆகவே மினி எல்இடி வாங்குபவர்கள் அதன் பகுதிகள் எத்தனை என்று கேளுங்கள். நல்ல மினி எல்இடியின் பெரிய பலம் அதன் பிரகாசம். பகலில் வெயில் விழும் ஹாலுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

இனி இரண்டாம் வகை, ஓஎல்இடி. 1987-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு விஞ்ஞானிகள், மெல்லிய கரிமப் படலங்களில் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளி வரவழைத்ததை வெளியிட்டார்கள். அது டிவியாக வீட்டுக்கு வர இருபது வருடம் ஆனது. 2007-ல் சோனி 11 அங்குலத்தில் ஒன்றை விற்றது. 2013-ல் எல்ஜி 55 அங்குலத்தில் கொண்டுவந்தது. இதில் பின் விளக்கே கிடையாது. கருப்பு வேண்டிய இடத்தில் பிக்சல் முழுதாக அணைந்துவிடும். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் படம் கெடாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு சினிமா பார்ப்பவர்களுக்கு இதற்கு இணை இல்லை.

ஆனால் கரிமப் பொருள் எரிய எரியத் தேயும். ஒரே இடம் நாள்தோறும் ஒரே மாதிரி எரிந்தால், அந்த இடம் சீக்கிரம் தேய்ந்து தடம் விழும். காலையிலிருந்து இரவுவரை செய்தி சேனல் ஓடும் வீடுகள் நம்மிடம் நிறைய. மூலையில் சேனலின் சின்னம், கீழே சிவப்புப் பட்டையில் முக்கியச் செய்தி. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம். இன்னொன்று, இந்த டிவிகள் ரிமோட்டில் அணைத்த பிறகு, தேய்மானத்தைச் சரிசெய்யும் வேலையைத் தாமாகவே செய்துகொள்ளும். சுவர் சுவிட்சையும் உடனே அணைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறார்கள். தடம் விழுந்தால் வாரண்டி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திரையின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 4கே டிவிக்கு, அதன் மூலைக்கு மூலை அளவைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்காருவது வசதி. 43 அங்குலம் என்றால் ஐந்தரை அடி. 55 அங்குலம் என்றால் ஏழு அடி. வீட்டில் பெரும்பாலும் செட்டாப் பாக்ஸில் சாதாரண சேனல்கள்தான் ஓடும் என்றால், திரை பெரிதாகப் பெரிதாகப் படத்தின் மங்கல் கூடுதலாகத் தெரியும். நீங்கள் பார்க்கும் அதே சேனலைக் கடையில் போடச் சொல்லிப் பாருங்கள்.

கடையில் ஓடுவது விற்பனைக்கென்றே எடுத்த வீடியோ. படமும் கண்ணைப் பறிக்கும் அமைப்பில் வைக்கப்பட்டிருக்கும். அதைச் சினிமா அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு பென் டிரைவில் இருட்டுக் காட்சி உள்ள வீடியோ, பந்து வேகமாக ஓடும் கிரிக்கெட் வீடியோ, மனித முகம் தெளிவாகத் தெரியும் வீடியோ மூன்றையும் எடுத்துப் போங்கள். இருட்டுக் காட்சியில் கருப்பைப் பாருங்கள். பந்தின் பின்னால் வால் இழுக்கிறதா பாருங்கள். முகத்தின் நிறம் இயல்பாக இருக்கிறதா பாருங்கள். பிறகு நான்கு அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்று மறுபடி பாருங்கள். வீட்டில் பாட்டி உட்காரப்போகும் இடம் அதுவாகவே இருக்கலாம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிச்சமான ஹால், நாள் முழுக்கச் செய்தியும் தொடரும் ஓடும் வீடு என்றால், பணம் இருந்தால் மினி எல்இடி. இல்லையென்றால் நல்ல பேனல் உள்ள சாதாரண எல்இடியே நிறைவு தரும். இருட்டாக்க முடிந்த அறை, இரவில் சினிமா என்றால் ஓஎல்இடி. க்யூஎல்இடி என்று எழுதியிருந்தால், விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே கூடுதல் விலை கொடுங்கள்.

பில் போடும் முன், நீங்கள் பார்த்த டிவியின் மாடல் எண்ணும் பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒரே வரிசையிலேயே அளவு மாறினால் பேனலும் மாறுவது உண்டு. இதையெல்லாம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. உங்கள் பணம், உங்கள் வீடு, தினமும் பார்க்கப்போவது உங்கள் கண்கள். விடை கிடைக்கும்வரை கேளுங்கள். கிடைக்காத கடையில் வாங்காதீர்கள்.