யாருக்குத் தொலைவு?

(இளைஞர், மாணவர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பத்திப் பேசுவான்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். நான் பேசப்போறது ஒரு எரிவாயுக் குழாயைப் பத்தி. அதுவும் போடப்படாமலே போன ஒரு குழாய்.

கனடாவின் வடமேற்கில் ஒரு பெரிய ஆறு ஆர்க்டிக் கடல்வரை ஓடுகிறது. வரைபடத்தில் அதன் பெயர் மெக்கன்சி. 1789இல் அதன் வழியே படகில் போன ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் பெயர் அது. காலங்காலமாக அந்தக் கரையில் வாழ்கிற டெனே மக்கள் அதை 'டெ சோ' என்கிறார்கள். பெரிய ஆறு என்று அர்த்தம். பேர் வைக்கிறவன் யாரு, அந்தப் பேரைச் சுமக்கிறவன் யாருங்கிறது நமக்குப் புதுசா சொல்லித்தர வேண்டிய பாடம் இல்ல.

1968இல் அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவில் எண்ணெயும் எரிவாயுவும் கண்டுபிடிக்கப்பட்டன. வாயுவைத் தெற்கே இருக்கிற நகரங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். எக்ஸான், கல்ஃப், ஷெல் உட்பட ஒரு கட்டத்தில் 27 கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தன. திட்டம் இதுதான்: 48 அங்குலக் குழாய் அலாஸ்காவிலிருந்து வடக்கு யூகானைக் கடந்து மெக்கன்சிக் கழிமுகத்துக்கு வரும். அங்கிருக்கிற வாயுவையும் சேர்த்துக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே ஆல்பர்ட்டாவுக்குப் போகும். கட்டுமானத்துக்கு மட்டும் 6,000 ஆட்கள் வெளியிலிருந்து வந்து இறங்குவார்கள். அந்தப் பிரதேசத்தின் மொத்த ஜனமே சுமார் 30,000. அதில் பாதிப்பேர் டெனே, இனுயிட், மெட்டி ஆகிய பூர்வகுடிகள். தெற்கத்தி நகரத்துக்காரர்கள் அந்த மண்ணுக்கு வைத்திருந்த சொல் 'எல்லைப்புறம்'. ஆளில்லாத, தூரத்து, இனிமேல்தான் பிடிக்க வேண்டிய இடம்.

அந்த மண்ணையும் கொஞ்சம் சொல்லணும். பல இடங்களில் அது வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கிற நிலம். கோடையில் மேல்தோல் மட்டும் இளகிச் சேறாகும். சூடான குழாயைப் புதைத்தால் ஐஸ் உருகி நிலம் உட்காரும். அதனால் வாயுவையே குளிரவைத்து அனுப்புகிறோம் என்றார்கள் என்ஜினியர்கள். ஆனால் தெற்கே வரவர உறையாத மண்ணும் இடையிடையே வரும். அங்கே குளிர்ந்த குழாய் சுற்றியிருக்கிற ஈரத்தை உறையவைக்கும், மண் உப்பும், குழாயை மேலே தள்ளும். இதைச் சோதித்துப் பார்த்த தன் கருவியில் கோளாறு இருந்ததாகக் கம்பெனியே கடைசி நேரத்தில் ஒத்துக்கொண்டது. நிபுணர் சொன்னா வேதவாக்குன்னு நினைக்கிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கலாம்.

1974 மார்ச்சில் கனடா அரசு ஒரு விசாரணையை அறிவித்தது. தாமஸ் பெர்கர் என்ற நீதிபதி நியமிக்கப்பட்டார். வெள்ளைக்காரர்தான். ஆனால் வக்கீலாக இருந்த காலத்தில் நிஸ்கா மக்களின் நில உரிமைக்காக வாதாடியவர். அந்தக் கால்டர் வழக்கில்தான் 1973இல் கனடா உச்சநீதிமன்றம் பூர்வகுடி நில உரிமை என்ற ஒன்று உண்டு என்பதை முதன்முதலாகப் பேசவேண்டி வந்தது.

பெர்கர் செஞ்ச காரியம் என்ன? யெல்லோநைஃப் நகரத்தில் வக்கீல்கள், நிபுணர்களோடு ஒரு விசாரணை. அது வழக்கமானது. அதோடு நிற்காமல் 35 ஊர்களுக்கும் அவரே போனார். ஊர்க் கூடங்களிலும் மீன்பிடி முகாம்களிலும் உட்கார்ந்தார். அங்கே குறுக்கு விசாரணை கிடையாது. டெனே மொழிகளில் பேசலாம், இனுக்டிடூட்டில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கிட்டத்தட்ட ஆயிரம் பேர் சாட்சி சொன்னார்கள். அன்றன்றைக்குப் பேசியது வானொலியில் அவரவர் மொழியிலேயே ஒலிபரப்பானது. இந்த ஊர்க் கிழவி சொன்னதை அடுத்த ஊர் கேட்டது. எதிர்த்தரப்பும் நிபுணர்களை வைத்து வாதாட வேண்டும் என்று பூர்வகுடி அமைப்புகளுக்கு அரசுப் பணம் தரப்பட்டது. வேட்டைக்காரர்கள் தாங்கள் பொறி வைக்கிற தடங்களை, மீன் பிடிக்கிற இடங்களை வரைபடத்தில் கோடு கோடாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஆளில்லாத இடம் என்று சொல்லப்பட்ட தாளில் இப்போது வெற்றிடம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

நான் பாங்கு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். 'சொல்லுங்க'ன்னு சொல்லிட்டு ஃபாரத்தையே பார்த்துக்கிட்டிருக்கிற பழக்கம் எனக்கும் வந்துடுச்சு. எங்க தெரு அம்மா ஒருத்தங்க ஆட்டுக் கடன் விஷயமா வந்து, ஆடு செத்த கதையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. 'அதெல்லாம் வேணாம்மா, இதுல கைநாட்டு வைங்க'ன்னு சொன்னது நான்தான். மேல்சாதி மேனேஜர் இல்ல. அதனாலதான் பெர்கரைப் பத்திப் படிச்சப்போ எனக்குக் கூசுச்சு.

டெனே மக்கள் என்ன சொன்னார்கள்? 1920இல் நார்மன் வெல்ஸில் எண்ணெய் கிடைத்தது. மறுவருஷமே, 1921இல், அரசு 11ஆம் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. நிலத்தை ஒப்படைத்துவிட்டதாகக் காகிதம் சொல்கிறது. நாங்கள் செய்தது சமாதான உடன்படிக்கை, மண்ணை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை என்றார்கள் பெரியவர்கள். பஞ்சமி நிலம் நினைவுக்கு வருது. நமக்குக் காகிதத்துல நிலம் இருக்கு, காலடியில இல்ல. அவங்களுக்குக் காலடியில இருக்கு, காகிதத்துல இல்ல.

1975 ஆகஸ்டில் ஃபோர்ட் குட் ஹோப்பில் ஊர்த்தலைவர் ஃபிராங்க் டிசெலே பேசினார். போட்டிக் குழாய்க் கம்பெனியான ஃபுட்ஹில்ஸின் தலைவர் பாப் பிளேர் எதிரேயே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து, பூர்வகுடிகளை வேட்டையாடிய ஜெனரல் கஸ்டருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்கிற அர்த்தத்தில் கேட்டார். இந்த மண்ணுக்காக உயிரையும் தருவோம் என்றார். நீதிபதி குறுக்கிடவில்லை. சாட்சியமாகப் பதிவு செய்துகொண்டார்.

1977 மே மாதம் அறிக்கை வந்தது. அதன் தலைப்பே, தெற்குக்கு எல்லைப்புறமாக இருப்பது இவர்களுக்குத் தாயகம் என்றது. வடக்கு யூகானில் லட்சத்துக்கும் மேற்பட்ட காரிபூ மான்கள் கன்று போடுகிற நிலம் இருக்கிறது. அங்கே எந்தக் காலத்திலும் குழாய் கூடாது. பள்ளத்தாக்கில் பத்து வருஷத்துக்குக் கூடாது, முதலில் நில உரிமையைத் தீர்த்து வையுங்கள். கம்பெனிக் கூட்டு கலைந்தது.

இதோட கைதட்டி முடிச்சிடலாம். ஆனா கதை அங்க முடியல. 1985இல் நார்மன் வெல்ஸிலிருந்து ஓர் எண்ணெய்க் குழாய் அதே பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கியது. டெனே மக்களின் நில உரிமை அப்போதும் தீர்ந்திருக்கவில்லை. உடன்படிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன: இனுவியாலுயிட் 1984, குவிச்சின் 1992, சாது 1993. பிறகு 2000இல் பூர்வகுடிகளே ஒரு குழாய்க் குழுமம் அமைத்து, சுமார் 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய எரிவாயுக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். பெர்கர் காலத்தில் குழாயை எதிர்த்து வேலை செய்த இளைஞர் ஸ்டீபன் காக்ஃவி, வடமேற்குப் பிரதேசத்தின் முதல்வராகி அந்தக் குழாய்க்காகப் பேசினார்.

விலை போயிட்டாங்கன்னு சொல்ற தோழர்கள் இருக்காங்க. என்னால அப்படிச் சொல்ல முடியல. வேண்டாம்னு சொல்ல உரிமை வாங்கினவனுக்கு, வேணும்னு சொல்லவும் உரிமை உண்டு. நாம அவங்களைக் காலத்துக்கும் காட்டுல மான் தோலோட நிக்க வச்சுப் பார்க்க ஆசைப்படுறோமான்னு நம்மையே கேட்டுக்கணும். அதே நேரம் டெ சோ பகுதி மக்கள் அந்தக் குழுமத்தில் சேரவில்லை. தங்கள் நிலப் பிரச்சினை தீரவில்லை என்பது அவர்கள் வாதம்.

2011இல் அரசு அனுமதி கிடைத்தது. அதற்குள் தெற்கே பாறையைப் பிளந்து எடுக்கிற வாயு சல்லிசாகிவிட்டது. 2017 டிசம்பரில் கம்பெனிகள் திட்டத்தைக் கைவிட்டன. முதல் தடவை ஊர் ஊராகக் கேட்டு நிறுத்தினார்கள். இரண்டாவது தடவை யாரையும் கேட்கவில்லை, மார்க்கெட் நிறுத்தியது. கழிமுகத்து வாயு இன்னும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது.

கேள்வி இருந்தா கேளுங்க. பின்னாடி உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் முதல்ல கேக்கட்டும்.